அளக்க மறந்த கை

சர்வேயரின் ஜீப்பை அவருடைய மச்சான் அதுவரை ஒன்பது முறை சேற்றிலிருந்து இழுத்திருக்கிறார். ஒன்பது என்பது சர்வேயரின் கணக்கு. மச்சானைக் கேட்டால் பதினொன்று என்பார், ஒரே நாளில் ஓர் ஓடையின் இந்தக் கரையிலும் நடுவிலும் அந்தக் கரையிலும் சிக்கியதை அவர் ஒன்றாக எண்ண மாட்டார். நிலத்தை அளந்து கல் நடுவதையே தொழிலாகக் கொண்ட மனிதருக்கு எந்த மண் தாங்கும், எந்த மண் விழுங்கும் என்று தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். தெரிந்தேதான் விடுவார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவருக்கு அப்படியொரு கிறுக்கு.

மச்சான் வந்து இழுத்துப் போட்டுவிட்டுப் போனால் பரவாயில்லை. மனைவியின் அண்ணன், உதவிக்கு வந்தவர், கும்பிட்டு அனுப்பிவிடலாம். அவரோ தன்னுடைய பிக்கப் வண்டியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுப்பதற்கு முன் போனை எடுப்பார். நாலு பக்கமும் சுற்றி வந்து படம் பிடிப்பார். 'மாப்பிள்ளை மறுபடியும் ஓய்வெடுக்கிறார்' என்று எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத்தான் கயிற்றைக் கட்டுவார். ஜீப் வெளியே வருவதற்குள் முப்பத்திரண்டு பேர் சிரித்து முடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு உறவில் நாலு பேர் எங்கே கூடினாலும் அந்தக் கதைதான். கணுக்கால் அளவு சேறு, சொல்லச் சொல்ல இடுப்பளவு ஏறிவிடும். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா?

சர்வேயருக்கு இந்தக் கேலிகூடப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. கல்யாணமான புதிதில் அவர் மனைவி எல்லாப் பயணத்துக்கும் கூட வருவாள். பக்கத்து சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு வழி சொல்லுவாள், பெரும்பாலும் தப்பான வழி. மூன்றாவது முறை அவளையும் வைத்துக்கொண்டு சிக்கியபோது, அண்ணன் வந்து கயிற்றைக் கட்டிக்கொண்டே, "உன்னை மாப்ளைக்குக் கட்டிக் கொடுத்தோமா, இந்தச் சேத்துக்கா?" என்று கேட்டார். அங்கே அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழுவும்போது, "இனிமே நான் வரலைங்க. எங்கண்ணன் வந்து இழுக்கிற வண்டியில எனக்கு உக்கார முடியல" என்றாள். அது நடந்து நாலு வருஷம். அன்றிலிருந்து பக்கத்து சீட்டில் நிலம் அளக்கிற முக்காலிதான் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வலிக்கும்.

ஆகவே ஒரு வின்ச் வாங்கினார். உருளையில் சுற்றிய கயிற்றை மோட்டார் வைத்து இழுக்கிற சாதனம். எங்கே சிக்கினாலும் கயிற்றை ஒரு மரத்தில் கட்டிப் பொத்தானை அமுக்கினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஒரே ஒரு தடவை, மஞ்சள் கயிறு இல்லாமல் சேற்றிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். அப்புறம் அவளை வா என்று கூப்பிட ஒரு முகம் இருக்கும். அவ்வளவுதான் அவர் ஆசை.

ஆனால் வெற்றி பெறுகிறவரை விஷயம் வெளியே தெரியக் கூடாது. 'மாப்பிள்ளை சேற்றில் விழுவதற்கென்றே மெஷின் வாங்கிவிட்டார்' என்று மச்சான் எழுதப்போகும் வரி அவர் கண் முன்னால் நின்றது. மனைவியிடம் சொன்னால் அண்ணனுக்குப் போய்விடும் என்று அவளிடமும் மூச்சு விடவில்லை. தேடிப் பிடித்து, பம்பருக்குப் பின்னால் ஒளித்து மாட்டுகிற இரும்புத் தாங்கி ஒன்றையும் வரவழைத்தார். அதை நேரே பத்தொன்பதின் பட்டறைக்கே அனுப்பச் சொல்லிவிட்டார்.

பத்தொன்பது என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். எந்த வேலையைத் தொட்டாலும் முதலில் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரைத் தேடுவார். அது அவருடைய பின்பாக்கெட்டிலேயே இருக்கும். ஆள் நல்ல பருமன், கை ஒவ்வொன்றும் முறம்.

"சார், இதைப் பம்பருக்கு மேல வச்சா ஒரு மணி நேர வேலை. பார்க்கவும் கம்பீரமா இருக்கும்" என்றார் பத்தொன்பது.

"கம்பீரமெல்லாம் வேண்டாம்யா. பத்தடி தள்ளி நின்னு பார்த்தா இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியக் கூடாது."

"யாருக்குத் தெரியக் கூடாது?"

"என் மச்சானுக்கு."

பத்தொன்பதுக்கும் ஒரு மச்சான் உண்டு. மேற்கொண்டு கேள்வி கேட்காமல் பம்பரைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்தைந்து கிலோ இரும்பை ஜீப்பின் மூக்குக்குள் ஒளிப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பம்பரைக் கழற்றிப் பழைய டயர் மேல் சாய்த்தார்கள். முன்பக்கக் கிரில்லைப் பிடுங்கினார்கள். சேஸிஸ் முனைகளில் தாங்கியை வைத்து நான்கு போல்ட்டை முறுக்கினார்கள். வின்ச்சை இருவருமாகத் தூக்கி அதில் இறக்கியபோது பத்தொன்பதின் இடுப்பில் ஏதோ சத்தம் கேட்டது, இரண்டு பேருமே அதைக் கண்டுகொள்ளவில்லை. பேட்டரிக்குக் கம்பி இழுத்தார்கள். கயிறு வெளியே வருவதற்காகப் பம்பரின் நடுவே ஒரு சதுரம் வெட்டி, நம்பர் பிளேட்டைக் கீல் வைத்துக் கதவாக மாட்டினார்கள். வின்ச்சின் தலை கிரில்லில் இடித்தது. கிரில்லின் கீழ்ச்சட்டத்தைக் கொஞ்சம் அறுத்தார்கள்.

ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் சர்வேயர் அளந்தார். நீளம், அகலம், ஆழம் எல்லாம் அளந்து பென்சிலில் குறித்தார். கூட வந்த கையேட்டில் ஆறாம் பக்கம் முழுக்க அளவுப் பட்டியல். அதை வரி வரியாகச் சரிபார்த்தவர், ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பாக அச்சாகியிருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தியே எழுதினார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் கையேட்டை மூடி வைத்துவிட்டார். ஏழாம் பக்கத்தைத் திருப்பவில்லை. கிரில்லும் பம்பரும் கழன்று கிடக்கும்போதே கயிற்றை இழுத்து, தூணில் கட்டி, பொத்தானை அமுக்கிச் சுற்றிப் பார்த்தார்கள். வெண்ணெயாக ஓடியது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மாட்டி, பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தார்கள்.

"தெரியுதா சார்?"

"ஒண்ணுமே தெரியல."

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் குட்டு உடைந்தது. வின்ச்சின் பக்கவாட்டில் சிவப்பாக ஒரு லீவர் உண்டு. அதை ஒரு பக்கம் திருப்பினால் உருளை மோட்டாரோடு பிணைந்துகொள்ளும், மறுபக்கம் திருப்பினால் உருளை தனியாக ஓடும், கயிற்றைக் கையாலேயே சரசரவென்று இழுத்துவிடலாம். மோட்டாரை வைத்தே கயிற்றை வெளியே விடவும் முடியும், ஆனால் அது ஊர்ந்து ஊர்ந்து வருவதற்குள் மோட்டார் சூடாகிப் பேட்டரி செத்துவிடும். அந்த லீவர் இப்போது கிரில்லுக்குப் பின்னால், இரண்டு சட்டங்களுக்கு நடுவே, ஒரு ஜாண் உள்ளே இருந்தது. மாட்டுவதற்கு முன்பே அதை மேல்பக்கமாகத் திருப்பி வையுங்கள் என்று ஏழாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சர்வேயர் கரண்டிக் காம்பால் முயன்றார். குடைக் கம்பியால் முயன்றார். கடைசியில் கையையே விட்டார். கை விரல் முட்டி வரை போயிற்று, அதற்கு மேல் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை.

துணி காயப்போட வாளியோடு வந்த மனைவி, ஆப்பசைத்த குரங்காக ஜீப்பின் முன்னால் குந்தியிருக்கும் கணவரைப் பார்த்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா. காத்து வாங்கறேன்."

"கையை வண்டிக்குள்ள விட்டா?"

அவர் அசடு வழியச் சிரித்தார். அவள் உள்ளே போய்ச் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். விரல் விரலாகத் திருகி எடுத்தாள். ஒரு முட்டியில் தோல் உரிந்திருந்தது. பிறகு தன் வேலைப் பையிலிருந்து நெற்றியில் மாட்டுகிற விளக்கை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். இருட்டான இடங்களுக்குள் எட்டிப் பார்ப்பது அவளுக்குத் தினப்படி வேலை.

"உள்ள சிவப்பா என்னமோ இருக்கே?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சர்வேயர் எல்லாவற்றையும் சொன்னார். வின்ச், தாங்கி, மச்சான், குரூப். பக்கத்து சீட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"உன்கிட்ட சொன்னா உங்கண்ணன்கிட்ட சொன்ன மாதிரிதானே."

அவள் விளக்கை அணைத்தாள். "நீங்க சேத்துல மாட்டினதை நான் ஒரு தடவைகூட அண்ணன்கிட்ட சொன்னதில்லீங்க. ஒவ்வொரு தடவையும் நீங்கதான் போன் பண்ணிக் கூப்பிட்டீங்க."

அது உண்மை. சர்வேயருக்குத் தலை தானாகக் குனிந்தது. நாலு வருஷமாக ஒரு பாவமும் அறியாதவளைச் சந்தேகப்பட்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

"சரி, தள்ளுங்க. கடைவாய்ப் பல்லைவிட இது பக்கத்துலதான் இருக்கு" என்று அவள் மறுபடி விளக்கைப் போட்டாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைச் சட்டங்களுக்கு நடுவே நுழைத்தாள். மணிக்கட்டு வரை போயிற்று. 'டக்' என்று ஒரு சத்தம். "விழுந்துடுச்சு. இழுத்துப் பாருங்க."

நம்பர் பிளேட்டைத் தூக்கிக் கொக்கியைப் பிடித்து இழுத்தார். கயிறு அவர் கூடவே ஓடி வந்தது. அவள் லீவரைப் பழையபடி போட்டுக் கையை வெளியே எடுத்தாள், அவர் கயிற்றைத் திரும்பச் சுற்றிவிட்டார். அறுத்த சட்டத்தின் ஓரம் பட்டு மணிக்கட்டில் சின்னதாக ஒரு கீறல்.

"எல்லாத்தையும் அளந்தீங்க, கையை அளக்கலையே" என்று சிரித்தாள். "இதை வச்சுக்கிட்டு இனிமே நீங்க தனியா எங்கயும் போக முடியாது போலிருக்கே."

"அதெல்லாம் இல்ல. புதன்கிழமை பத்தொன்பது சரி பண்ணிடுவான். பம்பரைக் கழட்டி லீவரைத் திருப்பணும், அரைநாள் வேலைதான்."

"ஓ" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு கொடிப்பக்கம் போய்விட்டாள். அந்த 'ஓ'வைச் சர்வேயர் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை.

மத்தியானம் மச்சானிடமிருந்து போன். மச்சான் போனில் பேசினால் அடுத்த அறைக்கும் கேட்கும். "மாப்ளே, ஓடைக்கரையில நிலம் வாங்கினேன்ல, எல்லைக் கல்லு சரியா இருக்கான்னு கொஞ்சம் வந்து பாருங்க. ரெண்டு நாள் மழை, பார்த்து வாங்க. கவலைப்படாதீங்க, மஞ்சள் கயிறு வண்டியிலதான் இருக்கு!" அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"நானும் வரேன்" என்றாள் மனைவி.

"நீயா?"

"அண்ணன் நிலத்தை நானும் பார்க்க வேண்டாமா?"

சர்வேயர் முக்காலியைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார். நிலத்துக்காக வருகிறாளா, லீவருக்காக வருகிறாளா என்று கேட்டால் இறங்கிவிடுவாளோ என்று பயம்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஓடைக்கரையில் அன்று சறுக்கியிருந்தது மச்சானின் பிக்கப். சரளைப் பாதையை விட்டு உள்ளே இறங்கிய வண்டி, கறுத்த சேற்றில் பின்சக்கரம் அச்சு வரை புதைந்து, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் கால்சட்டையை மடித்துவிட்டு மச்சான். ஒரு காலில் செருப்பு இல்லை.

"இந்த இடம் நேத்துவரைக்கும் கெட்டியாத்தான் இருந்துச்சு மாப்ளே" என்றார்.

ஒன்பது முறை சர்வேயர் சொன்ன அதே வசனம். ஒரு சொல்கூட மாறவில்லை.

"கயிறு இருக்குமே மச்சான்?"

"இருக்கு. பத்து மீட்டர். பாதைக்கு எட்டாது. நீங்க ஜீப்பை இன்னும் கிட்ட கொண்டு வந்தா..." என்று தொடங்கியவர், ஜீப்பும் இறங்கினால் இரண்டையும் இழுக்க யார் வருவார்கள் என்று யோசித்து நிறுத்திக்கொண்டார். போன் சட்டைப் பையிலேயே இருந்தது. இன்று படம் எடுக்கிற எண்ணம் அவருக்கு வரவில்லை.

சர்வேயர் கண்ணாலேயே அளந்தார். இருபத்திரண்டு மீட்டர். வின்ச்சில் இருப்பது இருபத்தைந்து. ஜீப்பைச் சரளையில் நேராக நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தார். முன்னால் வந்து நம்பர் பிளேட்டைப் பிடித்துத் தூக்கினார்.

"மாப்ளே! நம்பர் பிளேட் கழண்டு வருது!"

"வரட்டும் மச்சான்."

மனைவி நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலை மடக்கிக் கையை உள்ளே விட்டாள்.

"ஏய், அதுக்குள்ள என்ன தேடுறே?"

"ஆ காட்டச் சொல்லியிருக்கேன். நீ கொஞ்சம் சும்மா இருண்ணே."

டக். கொக்கியை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கியதும் அவள்தான். செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, முழங்கால் வரை புதையப் புதைய நடந்துபோய், அண்ணன் காட்டிய வளையத்தில் கொக்கியை மாட்டினாள். திரும்பி வந்து லீவரை மறுபக்கம் போட்டாள். சர்வேயர் கால்மிதியைத் தண்ணீரில் நனைத்துக் கயிற்றின் மேல் போட்டார், ஒருவேளை கயிறு அறுந்தாலும் ஆள் மேல் பாயாமல் இருக்க. இருவரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, ரிமோட்டை அமுக்கினார்.

கயிறு விறைத்தது. ஜீப் ஒருமுறை குனிந்து, கற்களில் சாய்ந்து நின்றுகொண்டது. சேறு உறிஞ்சியது, முனகியது, பிக்கப்பை விடுவதா வேண்டாமா என்று யோசித்தது. பிறகு 'ப்ளக்' என்று ஒரு பெரிய சத்தத்தோடு விட்டுவிட்டது. அடி அடியாக வண்டி வந்தது. அதன் பின்னாலேயே தொலைந்துபோன செருப்பும் மிதந்து வந்தது. நாலு வருஷமாகச் சர்வேயர் இதைத்தான் கனவு கண்டார். கனவில் சிக்கியிருந்தது அவருடைய வண்டி, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அவர் போனை வெளியே எடுத்தார். மச்சான் பார்த்துவிட்டார். ஓடிப்போகவில்லை, சேற்றுக் காலோடு நேராக நின்றார்.

"எடுங்க மாப்ளே. நான் ஒன்பது தடவை எடுத்திருக்கேன்ல."

"பதினொண்ணுன்னு சொல்வீங்களே?"

"இன்னிக்கு ஒன்பதுதான்" என்றார் மச்சான்.

சர்வேயர் சிரித்துவிட்டார். போனைத் தூக்கிப் பிடித்தபோது திரையில் மச்சானுக்குப் பின்னால் மனைவி தெரிந்தாள். முழங்கால் வரை சேறு, நெற்றியில் விளக்கு, கையில் கழற்றிய கொக்கி, வாய் கொள்ளாத சிரிப்பு. போனைக் கொஞ்சம் நகர்த்தி, அவளை மட்டும் எடுத்தார். அதைக் குரூப்பில் போடவில்லை.

குரூப்பில் எழுதியது மச்சான்தான். 'என் தங்கச்சி இன்று என்னைச் சேற்றிலிருந்து இழுத்துப் போட்டாள்.' முப்பத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். வின்ச் வாங்கியவர், அளந்தவர், பொத்தானை அமுக்கியவர் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. சர்வேயருக்கு அரை நிமிஷம் கோபம் வந்து போயிற்று.

திரும்பும்போது அவள் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, இடதுபக்கம் திரும்பச் சொன்னாள். தப்பான வழி. அவர் திரும்பினார். கொஞ்ச தூரம் போனதும், "அந்தக் குன்றுக்குப் பின்னாடி ஒரு பாதை இருக்குன்னு சொல்வீங்களே, நான் பார்த்ததே இல்ல" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "புதன்கிழமைக்கு அப்புறம் நீங்களே போய்க்குவீங்க, இல்ல?" என்றாள்.

காலையில் சொன்ன 'ஓ' இப்போதுதான் சர்வேயரின் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் அவர் அளவு நாடாவை எடுத்தார். "கையைக் கொடு."

"எதுக்குங்க?"

"அளக்கிறது என் தொழில்."

விரல் முட்டியில் அகலம், கட்டைவிரலை மடக்கியபடி கனம், மணிக்கட்டின் சுற்றளவு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்து குறித்துக்கொண்டார். கீறலுக்கு மருந்தும் போட்டார். அதுவரை அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை பட்டறையில், போனில் விஷயத்தைக் கேட்டிருந்த பத்தொன்பது குற்றவாளிபோலக் காத்திருந்தார். "மன்னிச்சுடுங்க சார், ஏழாம் பக்கத்தைப் படிச்சுட்டேன். ஒண்ணும் பிரச்சினை இல்ல, பம்பரைக் கழட்டி லீவரை மேல திருப்பிடறேன்" என்று பின்பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை உருவினார்.

"கழட்ட வேண்டாம்யா. லீவர் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்." சர்வேயர் அளவு குறித்த சீட்டை நீட்டினார். "நாம அறுத்தோமே, அந்த ஓரம் கூரா இருக்கு. அரத்தால மழுக்கி, சுத்தி ரப்பர் பட்டை ஒட்டு. ஒட்டின பிறகு இடைவெளி இந்த அளவு இருக்கணும்."

பத்தொன்பது சீட்டைப் பார்த்தார். தன் முறக் கையைப் பார்த்தார், சர்வேயரின் கையைப் பார்த்தார்.

"சார், இது உங்க கைக்குப் பத்தாதே. வேலை செய்யறதுதான் செய்யறோம், இன்னும் ஒரு விரல் அகலம் கூட்டி வெட்டிட்டா நீங்களே கையை விட்டுத் திருப்பிக்கலாம்."

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் சர்வேயர். "ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமா வெட்டிடாதே."